அப்பாவின் மூன்று வழிப் பெட்டிக்குப் பழைய கொம்பியூட்டர் குரோஸ்ஓவர் ஆகுமா?

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா வாங்கிவைத்த மூன்று வழி ஸ்பீக்கர் பெட்டி, அதாவது பேஸுக்கு வூபர், நடுச் சத்தத்துக்கு மிட், மேல் சத்தத்துக்கு டுவீட்டர் உள்ள பெட்டி, ஒரு சோடி வீட்டில் இருக்கிறது. ஒன்றின் உள்ளே பாட்டை இந்த மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் குரோஸ்ஓவர் போர்ட் கறுத்துப்போய்விட்டது. வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டொப்பும் சும்மா கிடக்கிறது. அந்தக் கொம்பியூட்டரையே குரோஸ்ஓவராகப் பாவிக்கலாமா, எத்தனை அம்ப் (அம்ப்ளிஃபயர்) வேண்டும், டுவீட்டர் எரிந்துபோகுமா, கரண்ட் போய்ப்போய் வருகிற எங்கள் பக்கத்துக்கு இது சரிவருமா, பழைய போர்டை எறிந்துவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

பாவிக்கலாம். கிளிநொச்சியில் என்னுடைய வீட்டில் சில வருடங்களாக அப்படித்தான் பாட்டுக் கேட்கிறேன். ஆனால் ஒன்று: சத்தத்தைப் பிரிப்பது இந்த வேலையில் மிகச் சுகமான பகுதி. ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். டுவீட்டரை உயிரோடு வைத்திருப்பதும் வடிவாக அளந்து பார்ப்பதும்தான் மிச்ச வேலை முழுவதும். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போர்டைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். இருபது முப்பது வருடப் பெட்டிகளில் பெரும்பாலும் சாவது கப்பாசிட்டர்தான். மலிவான எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் உள்ளே காய்ந்துபோய் அளவு மாறிவிடும். அதை மாற்றினாலே பெட்டி பழையபடி பாடும். அப்பா கேட்ட மாதிரியே கேட்டால் போதும் என்றால் அந்த இரண்டு மூன்று கப்பாசிட்டரை மட்டும் மாற்றிவிட்டு இருங்கள். மிச்சத்தைப் பொழுதுபோக்காக வாசிக்கலாம். ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிகளில் பலவற்றைத் திறந்தால் மிட்டுக்கு ஒரு கப்பாசிட்டர், டுவீட்டருக்கு ஒரு கப்பாசிட்டர், வூபருக்கு நேரே வயர், அவ்வளவுதான் இருக்கும். வூபரை எவரும் தடுப்பதில்லை. பாடுகிறவரின் குரல் வூபரிலும் மிட்டிலும் ஒரே நேரத்தில் வந்து மொத்தையாகக் கேட்பது அதனால்தான். உங்கள் பெட்டியும் அந்த வகை என்றால் கொம்பியூட்டரால் கிடைக்கும் மாற்றம் பெரிதாக இருக்கும்.

குரோஸ்ஓவர் என்ன செய்கிறது என்பதைத் தோட்டத்தை வைத்தே சொல்லலாம். மோட்டர் இறைத்த தண்ணீரைப் பைப்பில் வால்வு வைத்து மூன்று பாத்திக்குப் பிரித்தால், ஒரு வால்வைத் திருப்ப மற்ற இரண்டிலும் அழுத்தம் மாறும். பெட்டிக்குள் இருக்கும் பாஸிவ் போர்ட் அந்த மாதிரி. அம்ப்பிலிருந்து வரும் பெரிய மின்னோட்டத்தைக் கொயிலும் கப்பாசிட்டரும் வைத்துப் பிரிக்கிறது. வூபர் சூடானால் அதன் ஓம் ஏறும், ஓம் ஏறினால் பிரிக்கும் இடம், அதாவது அந்த அதிர்வெண், நகரும். மற்ற வழி, தண்ணீரை வாய்க்காலிலேயே மடை வெட்டிப் பிரித்துவிட்டு ஒவ்வொரு பாத்திக்கும் தனி மோட்டர் வைப்பது. கொம்பியூட்டர் செய்வது இதை. பாட்டை எண்களாக இருக்கும்போதே பிரித்து, வூபருக்கு ஒரு அம்ப், மிட்டுக்கு ஒரு அம்ப், டுவீட்டருக்கு ஒரு அம்ப் என்று தனித்தனியாக அனுப்புகிறது.

இதில் மிச்சம் பிடிப்பது கொயிலின் செம்பு. 8 ஓம் வூபரை 400 ஹேர்ட்ஸில் மிகச் சாதாரண முறையில் வெட்டவே (அதற்கு மேலே உள்ளதைத் தடுக்கவே) 3.2 மில்லிஹென்றி கொயில் வேண்டும். மிட்டின் பக்கத்துக்கு 50 மைக்ரோபரட் கப்பாசிட்டர். கூர்மையாக வெட்ட நினைத்தால் இவை இரண்டு மூன்று மடங்காகும். கொம்பியூட்டரில் அது ஒரு வரி. 400 ஐ 450 ஆக்க வேண்டுமென்றால் அந்த வரியில் எண்ணை மாற்றிவிட்டுச் சேமித்தால் போதும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வித்தியாசம் கேட்கும்.

பழைய கொம்பியூட்டர் தாங்குமா என்று யோசிக்க வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் வடிகட்டிக்கு ஒரு சாம்பிளுக்கு (சத்தத்தை எண்ணாக்கிய ஒரு புள்ளிக்கு) ஐந்து பெருக்கல். ஆறு சனலுக்கும் (இரண்டு பெட்டி, ஒன்றில் மூன்று ஸ்பீக்கர்) எட்டெட்டு வடிகட்டி போட்டு, செக்கனுக்கு 48,000 சாம்பிள் என்று கணக்குப் பார்த்தால் ஒன்றேகால் கோடிக்கும் குறைவான பெருக்கல். பதினைந்து வருடப் பழைய டெஸ்க்டொப்புக்கும் இது கொட்டாவி விட்டுக்கொண்டு செய்கிற வேலை. அதன் காற்றாடிச் சத்தம்தான் தொந்தரவு தரும். தூசு தட்டி, மேசைக்குக் கீழே தள்ளி வையுங்கள்.

ஆகவே பார்க்க வேண்டியது புரொசெசரை அல்ல, சவுண்ட் கார்டின் ஓட்டைகளை. மூன்று வழிப் பெட்டி இரண்டுக்கு ஆறு சனல் வெளியே வரவேண்டும். பெரும்பாலான டெஸ்க்டொப் போர்டுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. பின்னால் பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் என்று ஓட்டைகள் இருந்தால் பச்சை முன் ஸ்பீக்கர், கறுப்பு பின் ஸ்பீக்கர், செம்மஞ்சள் நடுவும் சப்வூபரும். மூன்றே ஓட்டை உள்ள போர்டில் 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூபரும்) என்று தெரிவுசெய்தால் நீலம் பின் ஸ்பீக்கராகவும் மைக் செருகும் ரோஸ் நிற ஓட்டை நடு, சப்வூபராகவும் மாறிவிடும். பரீட்சித்துப் பார்க்க இது போதும். இரவில் டுவீட்டருக்குக் கிட்டக் காதை வைத்தால் மவுசை அசைக்கும்போது சில போர்டுகளில் ஒரு கிறுகிறுப்புக் கேட்கும். அது பொறுக்கவில்லையென்றால் பிறகு ஒரு நல்ல யூஎஸ்பி கார்ட் வாங்குங்கள்.

ஆனால் ஒன்றுதான் வாங்க வேண்டும். இரண்டு சனல் யூஎஸ்பி கார்ட் மூன்றை வாங்கி ஆறாக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒவ்வொரு கார்டும் உள்ளே துடிக்கும் தன்னுடைய பளிங்கை (கிரிஸ்டலை) வைத்துத்தான் நேரம் எண்ணுகிறது. இரண்டு பளிங்குக்கும் இடையில் பத்து இலட்சத்துக்கு ஐம்பது வித்தியாசம் இருக்கிறது என்று வைப்போம். ஒரு நிமிடத்தில் 3 மில்லிசெக்கன் பிசகும். எங்கள் வெக்கையில் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. 3 மில்லிசெக்கன் என்றால் ஒரு மீட்டர். ஒரு பாட்டுக்குள் டுவீட்டரைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்ட மாதிரி.

அம்ப் விஷயத்தில் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. வூபருக்கு மட்டும் பலமானது வேண்டும். மிட்டுக்கும் டுவீட்டருக்கும் டிபிஏ3116 சிப் போட்ட சின்னப் போர்டுகள் தாராளம். 21 வோல்ட் கொடுத்தால் 4 ஓமுக்கு ஒரு பக்கம் 50 வாட் வரை தரும், டுவீட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்கும் போகாது. இன்னொரு வழியும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் துணி மூடிக் கிடக்கின்றன. பின்னால் ஆறு அல்லது எட்டு சிவப்பு வெள்ளைப் பின்கள் வரிசையாக இருந்து, பல சனல் உள்ளீடு என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். எல்லா அம்ப்பும் ஒரு பெட்டிக்குள், எல்லாவற்றுக்கும் ஒரே வொலியூம் திருகி. தனித்தனி அம்ப்புகளில் கிடைக்காத வசதி அது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சாதாரண 5.1 ரிசீவரில் சப்வூபருக்கு அம்ப் கிடையாது, வெளியே எடுக்கிற பின் மட்டும்தான். உள்ளே ஐந்து அம்ப்தான் இருக்கும். ஆறு வேண்டுமென்றால் 7.1 ரிசீவர் தேடுங்கள்.

என் எண்ணத்தைக் கேட்டால், ஆறு சனலில் தொடங்காதீர்கள். நாலில் தொடங்குங்கள். வூபரை மட்டும் கொம்பியூட்டரால் பிரியுங்கள். மிட்டுக்கும் டுவீட்டருக்கும் இடையில் பழைய கப்பாசிட்டர் முறையே இருக்கட்டும், செத்ததை மாற்றிவிட்டு. பெரிய கொயில் தேவைப்படும் இடத்தைக் கொம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும், டுவீட்டருக்கு முன்னால் கப்பாசிட்டர் காவலுக்கு நிற்கும். நாலு அம்ப் போதும், அந்த 5.1 ரிசீவரே காணும். இரண்டு மூன்று மாதம் கேட்டுப் பழகியபிறகு ஆறுக்குப் போகலாம்.

இனி சொஃப்ட்வெயார். விண்டோஸ் என்றால் ஈக்குவலைசர் ஏபிஓ. இலவசம், ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிவரியாக எழுதினால் அதன்படி செய்யும். லினக்ஸ் தெரிந்தவர்களுக்குக் கமிலாடிஎஸ்பி. அதுவும் இலவசம், குரோஸ்ஓவர் வகைகள் அதற்குள் பெயரோடு இருக்கின்றன. இரண்டிலும் சத்தம் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், ஏதாவது பிழைக்கும்போது. லினக்ஸில் வழமையாக அமைக்கும் முறையில் பாட்டு முதலில் ஒரு போலிக் கார்டுக்குப் போகும். அதை எடுத்துப் பிரித்து உண்மையான கார்டுக்குக் கொடுப்பது கமிலா. கமிலா விழுந்தால் வீடு அமைதி. ஒரு கேடும் இல்லை. விண்டோஸில் ஏபிஓ வேலைசெய்யாமல் விட்டால் பாட்டு அப்படியே, பிரிக்காமல், முழுதாக வெளியே வரும். சவுண்ட் டிரைவர் புதுப்பிக்கப்பட்டு ஏபிஓ கழன்றுபோகலாம். நீங்களே பாட்டுப் போடும் மென்பொருளில் கார்டைத் தனியுரிமையாகப் பிடிக்கும் முறையைத் தெரிவுசெய்தாலும் ஏபிஓவைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இதற்கு ஒரு எளிய தந்திரம் இருக்கிறது. பச்சை ஓட்டையை வூபருக்குக் கொடுங்கள். பாட்டு இரண்டு சனல்தான். மென்பொருள் விழுந்தால் அது முன் ஸ்பீக்கருக்கு, அதாவது பச்சைக்கு மட்டும்தான் போகும். வூபருக்கு முழுப் பாட்டும் போனால் என்ன, கொஞ்சம் அசிங்கமாகக் கேட்கும், அவ்வளவுதான். டுவீட்டர் கறுப்பில் இருந்தால் அதற்கு ஒன்றும் வராது. மிட்டைச் செம்மஞ்சளில் விடுங்கள். டுவீட்டரைச் செம்மஞ்சளில் மாட்ட வேண்டாம் என்பதற்குக் காரணம், சவுண்ட் டிரைவரில் பேஸ் மனேஜ்மென்ட் தவறுதலாக ஓனாகிவிட்டால் பேஸ் முழுவதையும் வழித்துச் சப்வூபர் சனலுக்குத்தான் அனுப்பும். அதையும், இரண்டு சனலை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பும் ஸ்பீக்கர் ஃபில் என்பதையும் ஓஃப் பண்ணிவிடுங்கள். விண்டோஸின் டிங் டொங் சத்தங்களையும் நிறுத்துங்கள்.

எந்த வகைக் குரோஸ்ஓவர் போடுவது? கண்ணை மூடிக்கொண்டு லிங்க்விட்ஸ்-ரைலி, ஒக்டேவுக்கு (அதிர்வெண் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல். சீக்ஃப்ரிட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் ஹியூலெட்-பக்கார்டில் வேலைசெய்த எஞ்சினியர்கள். 1976 இல் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து இது பரவியது. வெட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் இறங்கியிருக்கும், இரண்டும் ஒரே கட்டத்தில் (அலைகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி) இருக்கும், அதனால் சேரும்போது மேடும் இல்லை பள்ளமும் இல்லை. ஏபிஓவில் அந்தப் பெயரில் ஒரு கட்டளை இல்லையே என்று தேடவேண்டாம். கியூ (வடிகட்டியின் கூர்மையைச் சொல்லும் எண்) 0.707 உள்ள சாதாரண வடிகட்டியை ஒரே அதிர்வெண்ணில் இரண்டு தடவை எழுதினால் அதுதான் இது. வெட்டும் இடத்துக்கு, வூபருக்கும் மிட்டுக்கும் நடுவே 400 அல்லது 500, மிட்டுக்கும் டுவீட்டருக்கும் நடுவே 3000 என்று தொடங்குங்கள். டுவீட்டரின் சொந்த ஒத்ததிர்வு (அது தானாகவே கூடுதலாக அதிரும் அதிர்வெண்) எங்கே இருக்கிறதோ அதன் இரண்டு மடங்குக்குக் கீழே வெட்டக் கூடாது என்பது மட்டும் மனதில் இருக்கட்டும்.

டுவீட்டர் எரியுமா என்று கேட்டீர்கள். எரியும். நான் எரித்திருக்கிறேன். அப்போது பச்சை, கறுப்பு விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது, கப்பாசிட்டரும் போடவில்லை. ஒருநாள் இரவு கரண்ட் இல்லை. காலையில் தூசு தட்டக் கழற்றிய பின்களை டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செருகினேன். கறுப்பும் பச்சையும் இடம் மாறிவிட்டது. கரண்ட் வந்ததும் தவில் கேட்கலாம் என்று ஒரு கோயில் கச்சேரிப் பதிவைப் போட்டேன். முதல் அடிக்கு இடதுபக்க டுவீட்டரிலிருந்து தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். வொலியூமைக் குறைக்க ஓடுவதற்குள் வார்னிஷ் பொசுங்கும் மணம் வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் கொயில் வயர் மயிர் மாதிரி அவிழ்ந்து கிடந்தது. என் பிழைதான், வேறெவரையும் சொல்லமுடியாது. வலதுபக்கம் எப்படியோ தப்பிவிட்டது.

அன்றிலிருந்து டுவீட்டருக்கு முன்னால் கப்பாசிட்டர் இல்லாமல் நான் வயர் பூட்டுவதில்லை. இது வெட்டுவதற்கு அல்ல, காவலுக்கு. 8 ஓம் டுவீட்டருக்கு 33 மைக்ரோபரட் போட்டால் 600 ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் தடுக்கத் தொடங்கும். 3000 இல் நீங்கள் கொம்பியூட்டரால் வெட்டும் வேலையில் அது தலையிடாது. அம்ப் ஓன் ஆகும்போது வரும் டொம் என்ற அடியையும், பழுதாகிப்போன அம்ப்பிலிருந்து வரக்கூடிய டிசியையும் (ஒரே திசை மின்னோட்டத்தையும்) அது பார்த்துக்கொள்ளும். பிளஸ் மைனஸ் இல்லாத பிலிம் வகையாகப் பாருங்கள். பின்களுக்கும் மூன்று நிற டேப் சுற்றிவிடுங்கள், டோர்ச் வெளிச்சத்திலும் தெரிகிற மாதிரி.

கரண்ட் விஷயம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் எங்களுடையது, 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினதையும் கண்டோம். கரண்ட் போவது பிரச்சினை இல்லை. அது திரும்பி வருகிற விதம்தான் பிரச்சினை. பாட்டு ஓடும்போது கரண்ட் போய், ஐந்து நிமிடத்தில் வருகிறது. அம்ப்பின் சுவிட்ச் ஓனிலேயே இருப்பதால் அம்ப் உடனே உயிர்பெறும். அதன் பிறகு கொம்பியூட்டர் ஓனாகும். சவுண்ட் கார்ட் விழிக்கும்போது விடும் ஒவ்வொரு உதையும் அம்ப்பால் பெரிதாகி ஸ்பீக்கரில் விழும். ஒழுங்கு என்னவென்றால், ஓன் பண்ணும்போது அம்ப் கடைசி, ஓஃப் பண்ணும்போது அம்ப் முதல்.

அதைக் கரண்ட் கேட்காது என்பதால் கிணற்று மோட்டரின் ஸ்டாட்டரிடமிருந்து பாடம் எடுங்கள். கரண்ட் போய் வந்தால் மோட்டர் தானாக ஓடாது. பச்சை பட்டனை ஒருவர் போய் அமத்த வேண்டும். அதேமாதிரி ஒரு ரிலேயும் அமத்தும் பட்டனும் வைத்து அம்ப்புகளின் பிளக் போர்டுக்கு முன்னால் போட்டுவிட்டால் அவை தாமாக எழும்பாது. வயரிங் தெரிந்த ஒருவருக்கு அரை மணித்தியால வேலை, 230 வோல்ட் என்பதால் தெரியாதவர்கள் கை வைக்க வேண்டாம். உம் என்ற இரைச்சல் வந்தால் கொம்பியூட்டரையும் அம்ப்புகளையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு போகும். ஏர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்தும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கினால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், இன்டர்நெற் வயர் உட்பட.

இனி அளவு எடுப்பது. கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு சொத்து எங்களிடம் இருக்கிறது: முற்றம். அறைக்குள் அளந்தால் ஸ்பீக்கரின் சத்தத்தோடு நிலமும் சுவரும் திருப்பி அடிக்கும் சத்தமும் மைக்கில் ஏறும். டுவீட்டர் தரையிலிருந்து 1.2 மீட்டரில், மைக் ஒரு மீட்டர் தள்ளி அதே உயரத்தில் என்றால், நிலத்தில் பட்டு வரும் சத்தம் 1.6 மீட்டர் கூடுதலாக நடக்கிறது, நாலரை மில்லிசெக்கன் பிந்தி வருகிறது. அதற்கு முன் வந்ததை மட்டும் வெட்டி எடுத்தால் 220 ஹேர்ட்ஸுக்கு மேல்தான் நம்பலாம். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய் மேசைக்கு மேல் மேசை வைத்து 2 மீட்டர் உயர்த்தினால் பிந்தல் கிட்டத்தட்ட 9 மில்லிசெக்கன், 110 ஹேர்ட்ஸ் வரை சுத்தமான அளவு. சுவரும் தகர வேலியும் அதைவிடத் தூரத்தில் இருக்கட்டும். சோளகம் அடிக்கிற மாதங்களில் பகலில் முயற்சிக்க வேண்டாம், மைக்கில் காற்றுத்தான் கேட்கும். விடியப்புறம் ஐந்து மணிதான் நல்ல நேரம். மாரியில் தவளைகள் அடங்குவதில்லை, அதற்கு மருந்து இல்லை.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், தன் பிசகைத் திருத்தும் கோப்போடு வரும் ஒரு யூஎஸ்பி அளவு மைக்கும் இருந்தால் போதும். வூபர், மிட், டுவீட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, எது எத்தனை டெசிபல் கூடுதல் என்று பாருங்கள். டுவீட்டர் வழமையாக 3, 4 டெசிபல் உரத்து இருக்கும். கூடினதைக் குறையுங்கள், குறைந்ததைக் கூட்ட வேண்டாம்.

அடுத்தது பிந்தல். டுவீட்டரின் கொயில் பெட்டியின் முகத்தோடு இருக்கும், வூபர், மிட்டின் கொயில்கள் கூம்புக்குப் பின்னால் உள்ளே இருக்கும். 3.5 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் 0.1 மில்லிசெக்கன். சின்ன எண்தான். ஆனால் 2500 ஹேர்ட்ஸில் ஒரு அலை 14 சென்டிமீட்டர்; கால் அலை பிசகினால் சேரும் இடத்தில் 3 டெசிபல் பள்ளம் விழும். பாஸிவ் போர்டில் இதைத் திருத்த முகப்பைச் சரிக்க வேண்டும், இல்லாவிட்டால் படி வைக்க வேண்டும். கொம்பியூட்டரில் டுவீட்டரை அவ்வளவு பிந்தவைக்க ஒரு எண் போதும்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்த வேலை. டுவீட்டரின் இரண்டு வயரையும் வேண்டுமென்றே மாற்றிப் பூட்டுங்கள். வெட்டும் அதிர்வெண்ணில், 3000 என்றால் 3000 இல், ஒரு தொனியை மெல்லிய சத்தத்தில் போடுங்கள். மைக் டுவீட்டருக்கும் மிட்டுக்கும் நடு உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளி. இரண்டும் எதிரெதிராகத் தள்ளுவதால் ஒன்றையொன்று தின்ன வேண்டும். தின்னாவிட்டால் நேரம் பிசகியிருக்கிறது. டுவீட்டருக்கு 0.02 மில்லிசெக்கனாகப் பிந்தல் கூட்டிக்கொண்டு போங்கள். என்னுடைய பெட்டியில் முதலில் மீட்டர் அசையவே இல்லை. 0.06 இல் சத்தம் மெலியத் தொடங்கியது. 0.10 இல் காதுக்கே தெரியும்படி உள்வாங்கியது. 0.12 இல் தொனி கிணற்றுக்குள் விழுந்த மாதிரிக் காணாமல் போனது, முற்றத்தில் சில்வண்டுகள்தான் கேட்டன. 0.14 இல் திரும்பி வந்தது. அவ்வளவுதான், 0.12 ஐ எழுதிவிட்டு வயரைச் சரியாகப் பூட்டினேன். அளவு மைக் இல்லாவிட்டாலும் கைத்தொலைபேசியில் ஒரு சத்த மீட்டர் அப் போட்டு இந்த ஒரு வேலையைச் செய்யலாம். சத்தம் எத்தனை என்று தெரியத் தேவையில்லை, எங்கே ஆகக் குறைகிறது என்றுதானே பார்க்கிறோம்.

பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் பேஸ் வேறுமாதிரிக் கேட்கும். அது அறை. பத்தடி அகல அறையில் சுவருக்குச் சுவர் 57 ஹேர்ட்ஸில் ஒரு வீக்கம் வரும். சீமெந்துத் தரையும் பூசின சுவரும் அதை விழுங்காது. அமரும் இடத்தில் அளந்து, வீங்கிய இடத்தை மட்டும் கொம்பியூட்டரால் அமத்துங்கள். பள்ளத்தை நிரப்பப் பார்க்க வேண்டாம், எத்தனை வாட் ஊற்றினாலும் அது நிரம்பாது. நான் இரண்டு கிழமையாக 80 ஹேர்ட்ஸில் ஒரு கரகரப்பைத் தேடி, வூபரைக் கழற்றி, அம்ப்பை மாற்றி, கடைசியில் கூரையில் ஒரு தகரத்தின் ஆணி கழன்றிருந்ததைக் கண்டுபிடித்தேன்.

எஃப்ஐஆர் என்ற இன்னொரு வகை டிஜிட்டல் வடிகட்டி பற்றி எங்காவது வாசித்திருப்பீர்கள், கட்டப் பிசகே இல்லாத குரோஸ்ஓவர் என்று. உண்மைதான், ரீஃபேஸ் என்ற இலவச மென்பொருளால் செய்யவும் முடியும். ஆனால் 48,000 சாம்பிள் வேகத்தில் 65,536 எண் நீளமான ஒரு வடிகட்டி போட்டால் சத்தம் 0.68 செக்கன் பிந்தி வரும். படம் பார்க்கும்போது வாய் மூடினபிறகு வசனம் வரும். வீட்டில் சீரியல் பார்ப்பவர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பழைய போர்டை எறிய வேண்டாம். கறுக்காத மற்றப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அதை அப்படியே முற்றத்தில் ஒருதடவை அளந்து கோப்பைச் சேமித்து வையுங்கள். அப்பா பெட்டி மாறிவிட்டது என்று சொன்னால் அந்த வளைவை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். பிறகு போர்ட் இரண்டையும் வயர் நிறங்களோடு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கொயில் கெட்டுப்போவதில்லை, ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். ஏபிஓ கோப்பின் ஒரு பிரதியும் பென் டிரைவில் அதே பைக்குள் இருக்கட்டும்.